உள்பக்கத் தாழ்ப்பாள்

முதலில் கத்தியது மயில்கள்தான், சிஸ்டர். சைரன் இல்லை. சைரன் அப்புறம்தான் வந்தது. இங்கே எல்லோரும் சைரன் சைரன் என்றுதான் சொல்கிறார்கள். எனக்குத் தெரியும், முதலில் மயில்கள்.

இருட்டிய பிறகு மயில் கத்தி நீங்கள் கேட்டிருக்கமாட்டீர்கள். நம் கான்வென்ட்டில் மயில் ஏது, மாதா கெபிக்குப் பின்னால் புறாதான். பகலில் கத்தினால் பறவை என்று தெரியும். இருட்டில் கத்தினால் அப்படி இல்லை. யாரோ ஒருத்தி பிள்ளையைத் தொலைத்துவிட்டுத் தெருத்தெருவாகக் கூப்பிட்டுக்கொண்டு போகிற மாதிரி இருக்கும். ஒன்று ஆரம்பித்தால் எல்லாம் ஆரம்பிக்கும். இந்த ஊரில் தெருநாயைவிட மயில் அதிகம், குப்பைத் தொட்டி விளிம்பில் காக்கா மாதிரி உட்கார்ந்திருக்கும். வானத்தில் ஏதாவது அதிர்ந்தால் நம் காதில் விழுவதற்கு முன்பே அதற்குத் தெரிந்துவிடுகிறது.

ஊர்ப் பெயரை எழுதவில்லை. எழுதக்கூடாது என்று என் வீட்டுக்காரர் சொல்லியிருக்கிறார். ராஜஸ்தானில், எல்லைப் பக்கம். அவ்வளவு போதும்.

நான் பெர்னதெத், சிஸ்டர். திண்டுக்கல் பக்கத்திலிருந்து வந்து போர்டிங்கில் படித்தேனே, சாப்பாட்டு மணி அடிக்கிற பெர்னதெத். உங்களுக்கு இப்போது காது சுத்தமாகக் கேட்பதில்லை, போனில் பேசிப் பிரயோஜனமில்லை, எழுதினால் பூதக்கண்ணாடி வைத்துப் படிப்பீர்கள் என்று மதர் சொன்னார்கள். அதனால்தான் எழுதுகிறேன். பகலில் முடிவதில்லை. என் மகள் ஜோவிட்டா இப்போதுதான் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். பேனாவைக் கண்டால் பிடுங்கி வாயில் வைத்துக்கொள்கிறாள். அவள் தூங்கிய பிறகுதான் எனக்குக் கை கிடைக்கிறது.

உங்களிடம் ஒரே ஒரு கேள்வி கேட்க வேண்டும். ஆனால் நடந்ததைச் சொல்லாமல் கேட்டால் உங்களுக்குப் புரியாது.

கரண்ட் போன ராத்திரிகளில் நீங்கள் சொல்வீர்களே, அந்த மூன்று நாள் இருட்டு. ஒரு நாள் பூமி முழுவதும் இருண்டுவிடும், மூன்று நாள் விடியாது, காற்றே விஷமாகிவிடும். கதவைச் சாத்து, ஜன்னலைத் துணியால் மூடு, வெளியே பார்க்காதே. மந்திரித்த மெழுகுவர்த்தி மட்டும்தான் எரியும். அப்போது பிசாசு வாசலில் வந்து பெயர் சொல்லிக் கூப்பிடும், கதவைத் தள்ளும். உன் அம்மா குரலில் கூப்பிடும், உன் கூடப்பிறந்தவள் குரலில் கூப்பிடும். திறக்காதே. திறந்த வீட்டில் ஒருவரும் மிஞ்சமாட்டார்கள். இப்படித்தான் சொல்வீர்கள். கொசுவலைக்குள் அத்தனை பெண்களும் மூச்சுவிடாமல் கிடப்போம். மெட்டில்டா படுக்கையை நனைத்துவிடுவாள். நாங்கள் இருட்டில் கத்தக்கூடாது என்பதற்காக நீங்கள் கட்டிய கதை அது என்று சமையல்கார ஞானம்மா ஒரு தடவை சொன்னாள். நான் நம்பவில்லை. நீங்கள் பொய் சொல்கிறவர் இல்லை.

என் வீட்டுக்காரர் பெயர் இருதயராஜ். பட்டாளத்தில் ஹவில்தார். குண்டு விழுந்தால் எப்படி நடந்துகொள்வது என்று ஒரு பயிற்சிக்கு இவரை அனுப்பினார்கள். சும்மா குண்டு இல்லை, ஜப்பானில் போட்டார்களே, அந்தக் குண்டு. தலையிலிருந்து கால்வரை மூடுகிற உடுப்பு ஒன்று கொடுப்பார்களாம். வந்து ஒரே சிரிப்பு.

“அதைப் போட்டதும் மூக்கு அரிக்கும் பெர்னா. சொறிய முடியாது. கர்னலா இருந்தாலும் சரி, நானா இருந்தாலும் சரி, எல்லாரும் மூக்க நெளிச்சுக்கிட்டு நிப்போம்.”

“அப்படி ஒண்ணு விழுந்தா, அந்த உடுப்பப் போட்டுட்டு நீங்க என்ன பண்ணுவீங்க?”

“சண்டை போடுவோம்.”

“யாரோட? யாரு மிச்சம் இருப்பா?”

“அதெல்லாம் விழாதுடி” என்றார். “அவன்கிட்டயும் இருக்கு, நம்மகிட்டயும் இருக்கு. நீ போட்டா நானும் போடுவேன்னு ரெண்டு பேருக்கும் தெரியும். அந்தப் பயத்துலதான் பெரிய சண்டையே வராம கெடக்கு. அதைச் செஞ்சு வச்சிருக்கிறதே போடாம இருக்கத்தான்.”

“போடாம இருக்கத்தான்னா உங்களுக்கு எதுக்கு அந்த உடுப்பு?”

“பிள்ள அழுவுது பாரு” என்றார். பிள்ளை அழவில்லை, சிஸ்டர். தூங்கிக்கொண்டிருந்தது.

இந்த மே மாதம் எல்லையில் சண்டை மூண்டது. அவருடைய யூனிட்டை முன்னால் கொண்டுபோனார்கள். எங்கே என்று சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. கிளம்பும்போது பூட்ஸ் கயிற்றைக் கட்டிக்கொண்டே, என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்: “சும்மா ஒரு பேச்சுக்குச் சொல்றேன். மேற்க வெளிச்சம் தெரிஞ்சா ஜன்னல் பக்கம் போகாத. புள்ளயத் தூக்கிக்கிட்டு ஸ்டோர் ரூமுக்குள்ள போயிடு. அதுக்கப்புறம் தூசிதான் வெஷம். வெளிய இருந்து வர்றவங்க தலையில இருக்கும், துணியில இருக்கும், செருப்புல இருக்கும். மூணு நாள் வெளிய வராத. மூணு நாள்ல முக்காவாசி வெஷம் எறங்கிடும்.”

மூன்று நாள். அவர் வாயாலேயே வந்தது, சிஸ்டர். உங்கள் கதையை நான் அவரிடம் சொன்னதே கிடையாது. நீங்கள் சொன்னதும் பட்டாளம் சொல்வதும் ஒன்றாக இருந்தால் அது எப்படிக் கதையாகும்?

அப்போதிருந்து தூசியைப் பார்த்தாலே எனக்கு ஆகாது. இந்த ஊரில் தூசி இல்லாத இடமே கிடையாது. சாயங்காலத்தில் மணல்காற்று அடிக்கும். அடித்து ஓய்ந்தால் தொட்டிலின் கம்பி மேல், பால் பாட்டில் மூடி மேல், குழந்தையின் இமை மேல் மைதாமாவு தூவின மாதிரி இருக்கும். முன்பெல்லாம் துடைத்துவிட்டு வேலையைப் பார்ப்பேன். இப்போது துடைத்த துணியை என்ன செய்வது என்று கையில் வைத்துக்கொண்டு நிற்கிறேன்.

தேன்மொழி அக்காவைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் பிளாக்கில் மேல்மாடி வீடு. ஆம்பூர்ப் பக்கம். அவருடைய வீட்டுக்காரரும் முன்னால் போயிருந்தார். மகள் மிருதுளா ஒன்றாம் வகுப்பு. இந்த ஊரில் எனக்குத் தமிழ் பேச அக்காவை விட்டால் யாரும் இல்லை. பிரசவத்துக்கு என் அம்மா வந்து சேர்வதற்குள் வலி வந்துவிட்டது. அக்காதான் ஆஸ்பத்திரியில் என்னோடு இருந்தார். ஜோவிட்டாவை முதலில் கையில் வாங்கியதும் அவர்தான். ‘மூக்கு மட்டும் ஒங்க வூட்டுக்காரரு, மத்ததெல்லாம் நீ’ என்று எனக்கு அவர்தான் சொன்னார். இதையெல்லாம் நான் மறந்துவிட்டேன் என்று நினைக்காதீர்கள்.

சண்டை நாளில் அக்கா வேலை முடித்துக் கீழே வந்துவிடுவார். இருவரும் டிவி பார்ப்போம். எந்தச் சேனலைத் திருப்பினாலும் மேப்பைக் காட்டி அதில் வட்டம் போடுவார்கள். நடுவில் சிவப்பு வட்டம், சுற்றி ஆரஞ்சு, அதற்கு வெளியே மஞ்சள். இங்கே விழுந்தால் இதுவரை, அங்கே விழுந்தால் அதுவரை. அறிவிப்பாளர் கோட்டு சூட்டு போட்டுக்கொண்டு உற்சாகமாகச் சொல்வார்.

“நாம எந்தக் கலர்லடி வர்றோம்?” என்பார் அக்கா. “மஞ்சளா? மஞ்சளே மேலு. மங்களகரமா இருக்கும்.”

“ஐயோ, சும்மா இருங்கக்கா.”

“எங்க ஊரு கத சொல்லட்டா? எங்க தெருவுல பங்காளிங்க ரெண்டு பேரு. ரெண்டு பேருக்கும் ஒரே கெணறு. நிலத் தகராறு வந்துச்சி. இவன் ஒரு டப்பா பூச்சிமருந்து வாங்கியாந்து திண்டு மேல நிக்கறான். ‘நீ எம் பயிருல கைய வெச்சா இதக் கெணத்துல ஊத்துவேன்.’ அவனும் ஓடிப்போயி ஒரு டப்பா வாங்கியாந்தான். ‘நீ ஊத்தினா நானும் ஊத்துவேன்.’ தெருவே அந்தக் கெணத்துலதான்டி தண்ணி எடுக்குது!”

“ஊத்திட்டாங்களா?”

“ஊத்தல. எவனும் ஊத்தல. ஆனா அன்னிலருந்து ஒருத்தரும் அந்தத் தண்ணிய வாயில வெக்கல. எவன் எப்போ ஊத்திட்டுப் போனானோன்னு சந்தேகம். அப்படியே பாசி புடிச்சி, தூந்து போச்சி. இப்ப போனாலும் டப்பா ரெண்டும் அவனவன் வூட்டுப் பரண்ல பத்ரமா கீது.”

சொல்லிவிட்டு அக்கா சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

ஸ்டோர் ரூம் யோசனை எங்கள் இருவருடையதும். எங்கள் வீடு தரைத்தளம். ஸ்டோர் ரூமுக்கு ஜன்னல் கிடையாது. மேல்மாடியில் அக்கா வீட்டு ஸ்டோர் ரூமில் ஜன்னல் உண்டு, மேலே வெறும் கூரை. அதனால் ஏதாவது என்றால் அக்காவும் மிருதுவும் இறங்கி எங்கள் வீட்டுக்கு வந்துவிடுவது, நால்வரும் உள்ளே இருப்பது என்று பேசிக்கொண்டோம். தண்ணீர் கேன்களை அக்கா மாடியிலிருந்து தூக்கிக்கொண்டு வந்தார். சத்துமாவு வறுத்து அரைத்து வைத்தார். கதவுக்கு அடியில் ஒரு விரல் நுழைகிற அளவு சந்து இருந்தது. அதற்கும் அவர்தான் வழி சொன்னார்.

“எங்கூர்ல தோல் ஷாப்பு நாத்தம் வந்தா எங்கம்மா கோணிய நனச்சி வாசக்கால்ல சொருவும். ஒரு கோணிய பக்கெட்டுல ஊறப்போட்டு வை. கடேசியா உள்ள வர்றவங்க எடுத்தாந்து சந்துல வெச்சி அடச்சிடணும். நூலு கூட நொழையாது.”

பக்கெட்டை ஸ்டோர் ரூமுக்கு வெளியிலேயே வைத்தேன். ராத்திரியில் வாசல் கதவைத் தாழ் போடவேண்டாம், இருட்டில் மிருதுவைத் தூக்கிக்கொண்டு தட்டிக்கொண்டிருக்க முடியாது என்றார். சரி என்றேன். ஸ்டோர் ரூம் கதவுக்கு வெளியில் மட்டும்தான் தாழ்ப்பாள். “உள்ள எதுக்குடி வெப்பான்? அரிசி மூட்ட உள்ளருந்து தாப்பா போட்டுக்குமா?” என்று அதற்கும் ஒரு சிரிப்பு. மிருது உள்ளே தனக்கென்று ஒரு மூலையைப் பிடித்துப் பொம்மையைக் கொண்டுவந்து படுக்க வைத்திருந்தாள். “சித்தி, நான் இங்க. பாப்பா என் பக்கத்துல” என்றாள். என்னைச் சித்தி என்றுதான் கூப்பிடுவாள்.

இப்போது அந்த ராத்திரி.

சாயங்காலம் மணல்காற்று அடித்து ஓய்ந்திருந்தது. ஊர் முழுவதும் விளக்கை அணைக்கச் சொல்லிவிட்டார்கள். கரண்டையும் நிறுத்தினார்கள், கூலர் நின்றுவிட்டது. ஜன்னலில் நியூஸ்பேப்பர் ஒட்டியிருந்தேன். குழந்தைக்கு விசிறிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். மயில்கள் கத்தின. எல்லாப் பக்கமும் கத்தின. பிறகு சைரன். எழுந்து நின்றேன். ஜன்னல் வெளுத்தது.

எப்படிச் சொல்வேன் அதை? மின்னல் மாதிரி வெட்டிவிட்டுப் போகவில்லை. நின்றது. பேப்பரின் இரண்டு பக்கத்து எழுத்தும் ஒன்றன்மேல் ஒன்றாகத் தெரிந்தது. இந்தி எழுத்து, தலைகீழ் எழுத்து, ஒரு சோப்பு விளம்பரத்தில் சிரிக்கிற பெண், அவள் முகத்துக்குள் வேறு யாரோ ஒரு மந்திரியின் முகம். அது மேற்குப் பக்கத்து ஜன்னல். அப்புறம்தான் சத்தம் வந்தது. அலமாரியில் தட்டுகளெல்லாம் தானாகப் பேசின.

குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஸ்டோர் ரூமுக்குள் போய்விட்டேன். கதவைச் சாத்தினேன். காணிக்கை மாதா திருநாளில் மந்திரித்த மெழுகுவர்த்தியைத் தீக்குச்சி உடைய உடைய ஏற்றினேன். முதல் குச்சியிலேயே எரியவில்லை என்றால் என்ன அர்த்தம் என்று நீங்கள் சொன்னதில்லை, சிஸ்டர். மூன்றாவதில் எரிந்தது. கோணி ஞாபகம் அப்போதுதான் வந்தது. பக்கெட் வெளியே. போகவில்லை. எப்படிப் போவேன்?

மாடிப்படியில் செருப்புச் சத்தம். எங்கள் படிக்கட்டு திறந்தவெளியில் இருக்கிறது, பக்கச் சுவர்கூடக் கிடையாது. அத்தனை தூசியிலும் இறங்கி வருகிற சத்தம் கேட்டது. வாசல் கதவு திறந்தது. ஹாலில் நடந்து வந்தது.

“பெர்னத்து, வந்துட்டோம். தொறடி.”

அக்கா குரல்தான். நான் இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அக்கா குரலில்தானே கூப்பிடும்? வேறு யார் குரலில் கூப்பிடும்?

கதவைத் தள்ளியது. நான் கதவுக்கு முதுகைக் கொடுத்து உட்கார்ந்துவிட்டேன். குழந்தையை மடியில் இறுக்கிக்கொண்டு, காலை அரிசி மூட்டையில் முட்டுக்கொடுத்தேன்.

“என்னாது, மாட்டிக்கிச்சா?” மறுபடியும் தள்ளியது. “பெர்னத்து! உள்ள கீறியா?”

“சித்தி உள்ளதாம்மா கீறாங்க” என்று சின்னக் குரல். “அடியில மெழுகுவத்தி வெளிச்சம் தெரியுது பாரு.”

அதற்குப் பிறகு தள்ளவில்லை. என் தோளுக்கு நேராக, கதவின் அந்தப் பக்கத்தில், ஒரு உள்ளங்கை வந்து பதிந்தது. பலகை மெல்லியது. தெரியும் அது. தள்ளவில்லை, தட்டவில்லை. சும்மா வைத்திருந்தது. கதவு மாட்டவில்லை, ஆள் பிடித்துக்கொண்டிருக்கிறது என்று அந்தக் கைக்குத் தெரிந்திருக்கும். பிரசவ வலியில் என் முதுகை ராத்திரி முழுவதும் நீவிவிட்ட கை. ஆனால் தூசி இருக்குமே அதில். தலையில் இருக்கும், துணியில் இருக்கும் என்று அவர் சொல்லிவிட்டுப் போனாரே. என் மடியில் பால்குடி இருக்கிறது. ஒரு பிள்ளைக்காக இன்னொரு பிள்ளையை... எந்தத் தாயைக் கேட்டாலும் இதைத்தான் சொல்வாள், சிஸ்டர்.

“சரி” என்றது குரல்.

அவ்வளவுதான். சரி. கோபமாக இல்லை. கடைக்குப் போய் இல்லை என்றால் திரும்பி வருவோமே, அந்த மாதிரி.

நடந்து போகிற சத்தம் கேட்கும் என்று காத்திருந்தேன். கேட்கவில்லை. தண்ணீர் சொட்டுகிற சத்தம் கேட்டது. என் நைட்டியின் ஓரம் ஜில்லென்று நனைந்தது. சந்தில் தெரிந்த இருட்டு இன்னும் இருட்டாகிவிட்டது. ஏதோ உள்ளே நுழையப் பார்க்கிறது என்றுதான் நினைத்தேன். விசுவாசப் பிரமாணம் சொன்னேன், பாதியில் மறந்துபோய், திரும்ப முதலிலிருந்து சொன்னேன். பிறகு அமைதியாகிவிட்டது. மயில்கூட ஓய்ந்துவிட்டது.

மூன்று நாளும் உள்ளேயே இருந்திருப்பேன். தண்ணீர் இருந்தது. மாவு இருந்தது. குழந்தைக்குத்தான் உடம்பு அனலாகிவிட்டது. காற்று இல்லாத அறை, மே மாதம், மெழுகுவர்த்தி வேறு. மூச்சு விட அவள் வாயைத் திறந்து திறந்து மூடினாள். வெளியே ஒலிபெருக்கியில் ஆபத்து இல்லை என்று இந்தியில் சொல்லிக்கொண்டு ஜீப் போனது. அதை நான் நம்பவில்லை. பால்காரன் ஹாரன் அடித்ததையும் நம்பவில்லை. மறுநாள் காலையில் ஜோவிட்டாவின் தலை தொங்கியபோதுதான் கதவைத் திறந்தேன்.

திறக்க வரவில்லை. கதவு வெளிப்பக்கமாகத் திறப்பது. ஏதோ தடுத்தது. தோளால் தள்ளினால் ஈரக் கோணி. நன்றாகச் சுருட்டி, சந்து முழுவதும் ஒரு ஓரம் விடாமல், வெளியிலிருந்து இறுக்கி அடைத்து வைத்திருந்தது. பக்கெட் பக்கத்தில் கவிழ்த்து வைத்திருந்தது.

ஆமாம், கதவு வெளிப்பக்கமாகத் திறப்பதுதான். அதை நான் முன்பு யோசிக்கவில்லை. நிலையில் இறுகிப் பிடிக்கிற கதவு என்பதால்தான் நான் முட்டியும் திறந்துகொள்ளவில்லை, வெளியிலிருந்து இழுத்தால் திறந்திருக்கும். நான் முதுகு கொடுத்ததெல்லாம் ஒன்றுமே இல்லை. முதலில் அவசரத்தில் தள்ளியிருக்கிறார்கள். பிறகு அந்தக் கை வந்து நின்றது பாருங்கள், அப்போது அதற்குத் தெரிந்திருக்கும். தெரிந்தும் இழுக்கவில்லை.

அக்காவும் மிருதுவும் மாடிப்படிக்குக் கீழே, ஸ்கூட்டர் நிறுத்துகிற இடத்தில், ஒரு போர்வையைத் தலையோடு போர்த்துக்கொண்டு கிடந்தார்கள். அக்கா எழுந்து உட்கார்ந்தார். புருவமெல்லாம் தூசி. திடீரென்று கிழவியான மாதிரி இருந்தார்.

“ஜோவி தூங்கினாளா?” என்றார்.

“தூங்கினாக்கா. நானும் அசந்து தூங்கிட்டேன் போல. ஒண்ணுமே கேக்கல.”

“ம்” என்றார். “ஒடம்பு கொதிக்குது பாரு. ஈரத் துணி போடு” என்று குழந்தையை வாங்கக் கை நீட்டினார். அப்புறம் தன் கையைத் தானே பார்த்துக்கொண்டு இறக்கிக்கொண்டார்.

மேற்கே விழுந்தது அது இல்லை. ஆளில்லாமல் பறக்கிற ஒன்றை வானத்திலேயே அடித்துவிட்டார்களாம், அது வெடித்த வெளிச்சம். யாரோ ஒருவருடைய கடுகு அறுத்த வயலில் துண்டுகள் கிடந்தன, பிள்ளைகள் போய் எடுத்துவைத்துக்கொண்டு போட்டோ எடுத்தார்கள். சில நாளில் சண்டை நின்றது. கேன்டீனில் லட்டு கொடுத்தார்கள். அவர் கறுத்து இளைத்து வீட்டுக்கு வந்தார்.

“பாத்தியா?” என்றார். “நான் சொன்னேன்ல. எங்க போயி முடியுமோன்னு ரெண்டு பக்கமும் பயந்தான், நிறுத்திட்டான். அதோட வேலையே அதான். ஒண்ணும் ஆகல பாரு.”

ஒன்றும் ஆகவில்லைதான். யாருக்கும் ஒரு கீறல்கூட இல்லை.

அக்கா என்னைத் திட்டவில்லை. இதுதான் எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது. யாரிடமும் சொல்லவுமில்லை, என் வீட்டுக்காரரிடம்கூட. படியில் பார்த்தால் நின்று பேசுகிறார், ஜோவிட்டாவுக்குப் பல் வந்துவிட்டதா என்று கேட்கிறார். கீழே வருவதில்லை. கேட்டால் மூட்டு வலி என்கிறார். கோணி வைத்தது அவர்தானே? நான் செய்தது தப்பு என்று நினைத்திருந்தால் வைப்பாரா? நான் செய்ததுதான் சரி என்று அவருக்கே தெரிந்திருக்கிறது, அதனால்தான் வைத்தார். அப்படியானால் அப்புறம் எதற்கு இந்த மூட்டு வலி? மிருதுவின் பொம்மை இன்னும் எங்கள் ஸ்டோர் ரூமில்தான் கிடக்கிறது. எடுத்துப்போக வரச்சொன்னேன், வரவில்லை. வேறொரு பொம்மையை வைத்து மாடிப்படியில் விளையாடுகிறாள். படியைத் தட்டுவாள், ‘சித்தி, சித்தி’ என்பாள், பிறகு பொம்மையின் காதில் “தூங்கறாங்க” என்பாள். குழந்தைகள் எதையாவது விளையாடும்.

ஸ்டோர் ரூமுக்கு உள்பக்கம் ஒரு தாழ்ப்பாள் வேண்டும் என்று என் வீட்டுக்காரரிடம் நான்தான் கேட்டேன். சண்டைதான் முடிந்துவிட்டதே என்றார். குண்டெல்லாம் அங்கேயேதானே இருக்கிறது, யாராவது கொண்டுபோய்க் கடலில் கொட்டிவிட்டார்களா என்றேன். அவர் போய் டிரில்லிங் மெஷின் இரவல் வாங்கிக்கொண்டு வந்தார். அந்தச் சத்தத்துக்கு அக்கா இறங்கி வந்தார். அன்றைக்குப் பிறகு அன்றுதான் வந்தார். வாசலுக்கு வெளியிலேயே நின்றார்.

“இன்னா தம்பி வேல?”

“உள்ள ஒரு தாப்பா போடச் சொல்றாக்கா. சொன்னா கேக்கமாட்டேங்குறா.”

அக்கா தாழ்ப்பாளைப் பார்த்தார். என்னைப் பார்க்கவில்லை. “இது சின்னது தம்பி. நல்லா நீளமாப் பாத்து வாங்கிப் போடு. வெளிய இருந்து இழுத்தா இது கையோட வந்துடும்” என்றார். சொல்லிவிட்டு மூட்டைப் பிடித்துக்கொண்டு மேலே ஏறிப் போனார்.

என் வீட்டுக்காரர் போய் நீளமானதே வாங்கி வந்தார். அதைப் பார்த்துவிட்டு எதிர் வீட்டு ஹரியானாக்காரி தன் வீட்டிலும் போட்டாள். பிறகு முதல்மாடி ஒடிசாக்காரர் வீட்டில். இப்போது அக்கா வீடு தவிர இந்தப் பிளாக்கில் எல்லார் வீட்டிலும் இருக்கிறது. யாருக்கு எதிராக என்று ஒருவரும் கேட்டுக்கொள்வதில்லை. நான்தான் கேட்டு வாங்கினேன் என்றாலும், நான் அதை இன்னும் ஒரு தடவைகூடப் போட்டதில்லை. கை கொண்டுபோவேன். அதன் மறுபக்கத்தில் அந்த உள்ளங்கை இன்னும் இருக்கிற மாதிரி இருக்கும். எடுத்துவிடுவேன்.

இப்போது என் கேள்வி, சிஸ்டர். யோசித்து எழுதுங்கள். பெயர் சொல்லிக் கூப்பிடும் என்றீர்கள், கூப்பிட்டது. தெரிந்த குரலில் கூப்பிடும் என்றீர்கள், அதுவும் சரி. தள்ளும் என்றீர்கள், தள்ளியது. ஆனால் ‘சரி’ என்று சொல்லும் என்று நீங்கள் சொல்லவில்லையே? உள்ளே இருக்கிறவர்களுக்குத் தூசி வரக்கூடாது என்று கோணியை நனைத்து வைத்துவிட்டுப் போகும் என்று சொல்லவில்லையே? அதை நீங்கள் விட்டுவிட்டீர்களா, நான்தான் தூங்கிவிட்டேனா? எங்களைச் சத்தம் போடாமல் இருக்கவைக்கத்தான் சொன்னீர்கள் என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். அப்படி எழுதினால் நான் என்ன செய்வேன்?

எழுதிக்கொண்டிருக்கும்போதே மயில்கள் ஆரம்பித்துவிட்டன. இப்போதுதான். முதலில் தண்ணீர்த் தொட்டிப் பக்கம் ஒன்று, பிறகு எல்லாம். ஜோவிட்டாவைத் தூக்கிக்கொண்டு ஸ்டோர் ரூமுக்கு வந்துவிட்டேன். மீதியை அரிசி மூட்டை மேல் வைத்து எழுதுகிறேன். மெழுகுவர்த்தி முதல் குச்சியிலேயே எரிந்தது. குழந்தை விழித்துக்கொண்டது, அழவில்லை, மிருதுவின் பொம்மையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறது. கதவைச் சாத்தியிருக்கிறேன். சாத்தி மட்டும்.

ஹாலில் கட்டில் கிறீச்சிடுகிறது. நடந்து வருகிறது.

“பெர்னா? உள்ளயா இருக்க?” கதவுக்கு வெளியே நின்றுவிட்டது. “இடி இடிக்குதுடி. மழ வரப் போகுது, அதான் மயிலு கத்துது. ஜன்னல்ல வந்து பாரு, மண்ணு வாசன அடிக்குது. வா, வந்து படு.”

அவர் குரல்தான், சிஸ்டர். அந்த ‘வா’வைக் கொஞ்சம் இழுப்பார், அதுகூட அப்படியே இருக்கிறது. அப்படியேதான் இருக்கும் என்றுதானே சொன்னீர்கள்?

“பெர்னா. தொறம்மா. புள்ளைக்கு வேர்க்கும்.”

ஜோவிட்டா கதவைப் பார்த்து, “ப்பா” என்கிறாள். கையை நீட்டுகிறாள். “ப்பா.”

குழந்தைக்கு என்ன தெரியும்? குரலைத்தான் தெரியும்.

வெளியே கைப்பிடியைத் தொடுகிற சத்தம் கேட்கிறது. நல்ல நீளமான தாழ்ப்பாள். எண்ணெய்கூடப் போட்டிருக்கிறார், சத்தமே இல்லாமல் போகிறது. போட்டுவிட்டேன்.